கோத்தகிரியில் ஓடும் காருக்குப் பழைய தோல் இருக்கை போடலாமா?

உங்களிடம் இருப்பது 2016 ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. முன்பக்கம் இரண்டு ஏர்பேக் மட்டும் உள்ள, துணி இருக்கை கொண்ட நடுத்தர வகை. கோத்தகிரி மழையில் துணி நைந்து, வாடையும் பிடித்துவிட்டது. கோவை உக்கடத்தில், 2017க்குப் பிறகு வந்த உயர்வகை சிட்டி ஒன்றிலிருந்து கழற்றிய தோல் இருக்கைகள், பின்னிருக்கை, கதவு அட்டைகள் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முன் இருக்கைகளில் தோல் உறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இரும்புச் சட்டமும் ஃபோமும் உங்கள் காருடையவையாகவே இருக்கட்டும் என்பதுதான் என் பதில். நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட்டை மாட்டினால் ஒரே மதியத்தில் முடிந்துவிடும் வேலையை ஏன் இரண்டு நாள் வேலையாக்கச் சொல்கிறேன் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. அவற்றுள் பாதி பாதுகாப்பைப் பற்றியவை; மீதி மலையின் ஈரத்தைப் பற்றியவை.

முதலில் ஏர்பேக். 2017இல் சிட்டி புதுப்பிக்கப்பட்டபோது உச்ச வகையான இசட்எக்ஸில் ஆறு ஏர்பேக்குகள் வந்தன. அவற்றுள் இரண்டு, முன் இருக்கைகளின் சாய்மானத்தில், கதவை ஒட்டிய ஓரத்துக்குள் அடக்கப்பட்டவை. நீங்கள் பார்த்த இருக்கையின் அந்த ஓரத்தில் ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறு பட்டை தைக்கப்பட்டிருக்கிறதா, இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் உள்ளே வெடிமருந்தால் இயங்கும் வாயு உற்பத்திக் குப்பி இருக்கிறது என்று பொருள். உங்கள் காரில் அந்தக் குப்பிக்கான வயரும் கிடையாது. பக்கவாட்டு மோதலை உணரும் சென்சாரும் கிடையாது. ஏர்பேக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே அது உங்களை ஒருபோதும் காப்பாற்றப் போவதில்லை, ஆனால் உங்கள் விலா எலும்பை ஒட்டியே பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். இணைப்பான் பிரிந்திருக்கும்போது முனைகள் தாமாக ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் ஏற்பாடு அதற்குள் இருப்பதால் தானாக வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவுதான். ஆனால் ஆர்வக் கோளாறில் யாராவது மல்ட்டிமீட்டரை வைத்து அந்த முனைகளைச் சோதித்தால், மீட்டரிலிருந்து செல்லும் சிறு மின்னோட்டமே அதை இயக்கிவிடக்கூடும். உறையைப் பிரித்து எடுக்கும் வேலையை, ஏர்பேக்கைக் கழற்றிப் பழகிய ஆளை வைத்து விற்பவரே செய்து தரட்டும். குப்பி உங்கள் வண்டியில் மலையேறி வர வேண்டியதில்லை.

இதன் எதிர்த்திசை இன்னும் ஆபத்தானது என்பதால் மற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் அது இல்லாத இருக்கையை வைத்தால் ஏர்பேக் விளக்கு அணையவே அணையாது. அதை அணைப்பதற்கென்று ஒரு சிறு ரெசிஸ்டரைச் செருகிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் இல்லாத ஏர்பேக்கை இருப்பதாகப் பொய் சொல்லும் வேலை அது. எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதேபோல், ஏர்பேக் உள்ள இருக்கையின் உறையில் பலூன் கிழித்து வெளிவருவதற்கென்றே பலவீனமான நூலால் தைத்த ஓரத் தையல் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் கெட்டியான சாதாரணத் தையல் போட்ட உறையை மாட்டினால் பலூன் சரியான நேரத்தில் வெளிவராது. உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை: பலவீனத் தையல் உள்ள உறை, ஏர்பேக் இல்லாத சட்டத்தில் கெடுதல் செய்யாது. சில ஆண்டுகளில் அந்தத் தையல் சற்றே வாய் பிளந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்தது இருக்கையின் இரும்புச் சட்டம். பெரும்பாலான கார்களில் சீட் பெல்ட்டைச் செருகும் பக்கிள் இருக்கையின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது உங்கள் உடம்பின் விசையில் பெரும் பங்கு பெல்ட் வழியாகப் பக்கிளுக்கும், பக்கிளிலிருந்து சட்டத்துக்கும், இருக்கை முன்னும் பின்னும் நகரும் ரெயில் வழியாகத் தரைத்தகட்டுக்கும் செல்கிறது. ஆகவே இருக்கையின் சட்டம் உயிர் காக்கும் உறுப்புகளுள் ஒன்று. பழைய உறுப்புகளைப் புதிய வண்டித் தயாரிப்பில் மறுபடி பயன்படுத்துவது பற்றி 2005 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதிகளில், பயன்படுத்தக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஏர்பேக்குகளும் சீட் பெல்ட்டுகளும் இருப்பதில் வியப்பில்லை. கூடவே, பெல்ட்டின் பிடிப்போ ஏர்பேக்கோ உள்ளடங்கிய இருக்கைகளும் இருக்கின்றன. நம் ஊரில் தனியொருவர் தம் காருக்குப் பழைய இருக்கை வாங்குவதை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த வகை இருக்கையின் கடந்த காலத்தை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதற்கு அது நல்ல சான்று.

அந்தக் கடந்த காலம் எத்தகையதாக இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் உயர்வகைக் காரின் இருக்கைகளை யாரும் கழற்றி விற்பதில்லை. சந்தைக்கு வருபவை பெரும்பாலும் விபத்தில் முழு இழப்பாகிய வண்டிகளுடையவை, அல்லது வெள்ளத்தில் மூழ்கியவற்றுடையவை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. உக்கடமானாலும் சென்னை புதுப்பேட்டையானாலும் பெங்களூரு சிவாஜிநகரானாலும், விற்பவரே வண்டியின் வரலாற்றை அறியாமல் இருக்கலாம். ஆகவே நீங்களே பார்க்க வேண்டும். இருக்கையைக் கவிழ்த்து வைத்து, ரெயிலின் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். நுண்ணிய வண்டல் ஒட்டினால் அது வெள்ளத்தில் இருந்தது. ஸ்பிரிங் கம்பிகள், உறையைப் பிடிக்கும் கம்பி வளையங்கள், தலைசாய்வுத் தண்டின் அடிமுனை ஆகிய இடங்களில் உள்ள துருவைத் தோல் துடைக்கும் எந்தத் திரவமும் மறைக்காது. இரண்டு ரெயிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவு நகர்கின்றனவா என்று தள்ளிப் பாருங்கள். ஒன்று முந்தி ஒன்று தங்கினால் சட்டம் முறுக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தை நீங்கள் வாங்கப் போவதில்லை என்றாலும் இந்தச் சோதனை அவசியம். சேற்று நீரில் ஊறிய தோலும் வேண்டாதது. உலர்ந்த பின் அதன் உட்புறம் விறைத்துவிடும்.

இனி, சமவெளியில் இருப்பவர் பெரிதாக எண்ணத் தேவையில்லாத, நமக்கோ முதன்மையான செய்தி: ஃபோம். தொழிற்சாலையில் வார்த்த பாலியூரித்தேன் ஃபோம் ஒரு முறை உள்வரை நனைந்தால், சமவெளி வெயிலில் சில நாட்களில் உலர்ந்துவிடும். மழைக்கால மலையில் அது உலர்வதில்லை. நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையே வலுவானது. கொடைக்கானலும் அப்படித்தான். இடைப்பட்ட நாட்களிலும் மூடுபனி இறங்குகிறது. காற்றின் ஈரப்பதம் நெடுநேரம் 70 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் இடத்தில் பூஞ்சைக்குத் தேவை வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி ஆகிய உணவு மட்டுமே. பத்து ஆண்டு பழைய ஃபோமில் அது தாராளமாக இருக்கும். வேறொருவருடைய ஃபோமை மலைக்குக் கொண்டுவருவது, வேறொருவருடைய பூஞ்சையையும் கொண்டுவருவதுதான். உங்கள் ஃபோமிலும் வாடை இருக்கிறதே என்று கேட்பீர்கள். துணி உறையைப் பிரித்த அந்த நாளில் அதைச் சரிசெய்துவிடலாம்: வெற்று ஃபோமைச் சமவெளியில் நல்ல வெயிலில் இரண்டு நாள் வைத்து, தூசியை உறிஞ்சி எடுத்து, அமுங்கிப்போன இடத்தில் மட்டும் புதுத் துண்டு ஒட்டினால் போதும்.

உறையை வாங்குமுன், அது தோல்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தோல் இருக்கை என்ற பெயரில் வருபவற்றில் பல முழுக்க ரெக்சின். தோல் போட்டவற்றிலும் உடம்பு படும் நடுப்பகுதி மட்டும் தோலாக இருக்க, பக்கங்களும் முதுகும் ரெக்சினாக இருப்பது தொழிற்சாலைகளின் வழக்கம். மேற்பரப்பைத் தடவியோ முகர்ந்தோ முடிவுக்கு வர முடியாது, ஏனெனில் கார்த் தோலின் மேலும் நிறமிப் பூச்சு இருக்கிறது. உறையின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்: தோலென்றால் வெட்டு விளிம்பில் ஒழுங்கற்ற, மயிர்போன்ற நார்கள் தெரியும், ரெக்சினென்றால் நெய்த அல்லது பின்னிய துணி தெரியும். விளிம்பில் ஒரு சொட்டு நீர் வைத்தால் பெரும்பாலும் தோல் மெல்ல உறிஞ்சும். ரெக்சின் படலம் உறிஞ்சாது. நடுப்பகுதி தோலும் பக்கங்கள் ரெக்சினுமாக இருந்தால் வருந்த வேண்டாம். தரமான ரெக்சின் நம் ஈரத்தைத் தோலைவிட நன்றாகத் தாங்கும் என்பது என் கருத்து. தோல் என்ற விலைக்கு ரெக்சினை வாங்கிவிடக் கூடாது என்பதே கவலை.

தேய்மானத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து ஓர மேடுதான் முதலில் போகும். பூச்சு மட்டும் உரிந்து கீழே தோல் முழுமையாக இருந்தால், சுத்தம் செய்து, மெல்லத் தேய்த்து, நீரில் கரையும் நிறமியும் அதன்மேல் பாதுகாப்புப் பூச்சும் அடித்து மீட்டுவிடலாம். செருப்புப் பாலிஷைத் தடவிக் கறுப்பாக்கிய இருக்கை கடையில் பளபளக்கும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் ஒட்டும். தோலே பிளந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும். அதற்கான தோலை ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று தமிழ்நாட்டிலேயே பதனிடுகிறார்கள். பழனி மலைக்காரர்களுக்குத் திண்டுக்கல் அடிவாரத்திலேயே இருக்கிறது. ஆனால் கேட்டு வாங்க வேண்டியது இருக்கைக்கென்றே பதனிட்ட மாட்டுத் தோல். கனம் சுமார் 1 முதல் 1.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெயிலில் வெளுக்காத மேற்பூச்சும் வேண்டும். செருப்புக்கும் பைக்கும் உரிய தோல் இதற்கு உதவாது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி: வெளிர்மஞ்சள் உறை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தேயிலைத் தோட்டத்துச் செம்மண் அதன் தையல் பள்ளங்களில் ஏறினால் இறங்காது.

மாற்றும் வேலையைக் கார் இருக்கை தைத்துப் பழகிய குஷன் கடையில் கொடுங்கள். இருக்கையைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஏர்பேக் பெட்டியில் தேங்கிய மின்சாரம் வடிவதற்காக. இருக்கை வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, திருப்பினால் பிழை பதிந்து ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். உங்கள் காரில் இருக்கைக்கு அடியில் வயர் குறைவு. 2019 ஜூலை 1 முதல் சீட் பெல்ட் நினைவூட்டல் முன்னிருக்கை இரண்டுக்கும் கட்டாயமானது. அதற்குப் பின் வந்த கார்களில் பக்கத்து இருக்கை மெத்தைக்குள் ஆள் உட்கார்ந்ததை உணரும் தகடு ஒன்று இருக்கலாம். அவ்வகைக் கார் வைத்திருப்பவர்கள் உறையை மாற்றும்போது அந்தத் தகடு மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துணி உறையின் உள்மடிப்புகளில் மெல்லிய இரும்புக் கம்பிகள் ஓடும். அவற்றை உருவித் தோல் உறைக்குள் செலுத்தி, ஃபோமின் பள்ளத்தில் உள்ள கம்பியோடு சேர்த்து இரும்பு வளையங்களால் கவ்வ வேண்டும். வளையங்களுக்குப் பதில் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அவை காலப்போக்கில் நொறுங்கி, நடுப்பள்ளத்தில் தோல் தூக்கிக்கொள்ளும். இரும்பு வளையமே போடச் சொல்லி நில்லுங்கள். உங்கள் ஃபோமின் வடிவமும் உயர்வகையின் வடிவமும் ஓர மேடுகளில் சிறிது வேறுபடலாம். ஆகவே பணம் முழுவதையும் கொடுக்குமுன் ஓர் உறையை மட்டும் மாட்டிப் பாருங்கள்; சிறு தளர்ச்சியை மெல்லிய பஞ்சு விரிப்பால் நிரப்பிவிடலாம், பெரிய சுருக்கத்தை நிரப்ப முடியாது. குளிரில் தோல் இழுபடாது என்பதால், இந்த வேலையை டிசம்பர் குளிரில் மலையில் செய்யாமல், மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வெயில் நாளில் செய்வதே சிறப்பு. மாட்டிய புதிதில் உள்ள சின்னச் சுருக்கங்கள் அந்த வெப்பத்திலேயே நேராகிவிடும்.

பின்னிருக்கைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதன் பெல்ட் பிடிப்புகள் வண்டியின் உடலோடு இருப்பதாலும் மெத்தையில் ஏர்பேக் இல்லாததாலும், ஃபோம் உலர்ந்தும் வாடையற்றும் இருந்தால் முழுதாகவே மாற்றிக்கொள்ளலாம். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் உங்கள் காரில் இருந்தால், அவற்றுக்கான பிளவுகள் புதிய மெத்தையில் சரியான இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். கதவு அட்டைகளை மாற்றுவதென்றால், அட்டைக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் எடுத்து, பழைய பிசின் போயிருந்தால் புதிய பிசினிட்டுச் சுற்றிலும் இறுக ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளே வரவிடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். அதை அலட்சியமாக ஒட்டியதால் தரைவிரிப்பு முழுதும் ஊறிப்போகும் கார்கள் மலையில் நிறைய.

தோலுக்கு மாறுமுன் நீங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு குறை: அது வழுக்கும். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலோ துணி உங்களைப் பிடித்து வைத்திருக்கும். பூச்சுத் தோல் அந்த அளவு பிடிக்காது. ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கும் ஓர மேடும் துணை. பின்னால் உட்காரும் முதியவர்களுக்கு எதுவும் இல்லை. நுண்துளையிட்ட நடுப்பகுதி உள்ள உறை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், சற்றே பிடிக்கும். வீட்டில் வயதானவர்கள் அடிக்கடி கோவை மருத்துவமனைக்குச் சென்றுவருபவர்கள் என்றால், பின்னிருக்கையைத் துணியாகவே வைத்துக்கொள்வதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பராமரிப்பைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரைகளில் ஒன்று நமக்குப் பொருந்தாது. மழை தொடங்குமுன் தோலுக்கு எண்ணெயோ தடித்த கண்டிஷனரோ பூசச் சொல்வார்கள். பூச்சுத் தோல் எண்ணெயை உறிஞ்சுவதில்லை. மேலே தங்கும் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பூஞ்சைக்கு விருந்தாகிறது. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். மழைக்கு முன் செய்ய வேண்டியது அழுக்கை எடுப்பதுதான்: காரமோ அமிலமோ இல்லாத தோல் சோப்பை மென்மையான பிரஷில் எடுத்துத் துடைத்து, ஈரத்தை உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், நுண்துளைத் தோலில் திரவத்தை நேராக ஊற்றாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று வறண்டு, இரவில் உறைபனியும் பகலில் சுள்ளென்ற வெயிலுமாக இருக்கும்போது, மெல்லிய கண்டிஷனர் ஒரு முறை பூசினால் போதும். வெண்பூஞ்சை கண்டால் காரை வெளியே திறந்து வைத்து, அதைப் பரப்பாமல் ஈரத்துணியால் எடுத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் மேலானது ஏசி. குளிரூருக்கு ஏசி எதற்கு என்று மலையில் பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதே இல்லை. ஏசியின் முதல் வேலை காற்றைக் குளிர்விப்பது என்றால், இரண்டாவது வேலை அதிலுள்ள ஈரத்தைப் பிரித்து வெளியே சொட்டவிடுவது. வீடு சேர்வதற்குக் கால்மணி நேரம் முன்பிருந்து ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாக ஓடவிட்டால், நனைந்த குடையும் காலணியும் கொண்டுவந்த ஈரம் வெளியேறிவிடும். நனைந்த தரைவிரிப்பை இரவில் வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள். இருக்கைக்கு அடியில் வைக்கும் சிலிக்கா பைகளை மாதந்தோறும் உலர்த்துங்கள். திறந்தவெளியில் தார்ப்பாய் போர்த்தி வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் கார் என்றால் தோல் வேண்டாம். இருக்கும் துணி உறையையே கழற்றித் துவைத்து, ஃபோமை உலர்த்தி மாட்டுங்கள். அதுவே நல்ல மாற்றமாகத் தெரியும்.

சட்டப்படி தடை ஏதுமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதையே தடுக்கிறது. ஐந்து பேர் இருக்கை ஐந்து பேர் இருக்கையாகவே இருக்கும்வரை அது உங்களைத் தொடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டும் எழுத்தில் தெரிவித்து, குஷன் கடை ரசீதைச் சேர்த்து வையுங்கள். கழற்றிய துணி உறைகளைத் துவைத்து உலர்த்தி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்கக்கூடும், இடையில் ஒரு துண்டு கிழிந்தாலும் அளவெடுக்க அதுவே மாதிரி. இப்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது, முன் இருக்கை உறைகளை மட்டும் பிரித்துத் தருவாரா என்பது. முழுத் தொகுப்பாகத்தான் தருவேன் என்றால், முன் இருக்கைகளின் இரும்புச் சட்டங்களை அவரிடமே விட்டுவிட்டு விலையைக் குறைத்துப் பேசுங்கள். அதற்கும் இணங்காவிட்டால் வேறு தொகுப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.